மருமகனின் காருக்கு ஒரு ஸ்பெயார் சில்லு

கார் வாங்கப் போகும் எம்மவர்கள் மீற்றரைப் பார்ப்பார்கள், ஏசி குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார்கள், எங்காவது அடிபட்டு நிறம் பூசியிருக்கிறதா என்று குனிந்தும் பார்ப்பார்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கார் என்றால் அதற்குள் ஸ்பெயார் சில்லு ஒன்று இருக்கத்தானே செய்யும் என்ற நம்பிக்கை. இன்று இறங்கும் கார்கள் பலவற்றில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படுபவற்றில் நிலைமை இன்னும் மோசம்.

தமிழ்நாட்டில் இதனை 'ஸ்டெப்னி' என்பார்கள். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி வீதியில் தொழில் செய்த டேவிஸ் சகோதரர்கள் 1904 இல் உருவாக்கிய மேலதிகச் சில்லின் பெயர் அது. அதற்கு முன்னர் காற்றுப் போனால் சாரதி தெருவோரத்தில் குந்தியிருந்து ரயரைக் கழற்றி ஒட்டுப் போட வேண்டியிருந்தது. நூறு வருடம் கழித்து கார்க் கம்பனிகள் எங்களை அதே தெருவோரத்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கின்றன. பாரம் குறைகிறது, டிக்கியில் இடம் கூடுகிறது, செலவு மிச்சமாகிறது என்பது அவர்களுடைய கணக்கு. எரிபொருள் மிச்சத்தில் ஒரு சிறு பங்கு எங்களுக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

சில்லுக்குப் பதிலாக அவர்கள் தருவது ஒரு போத்தல் பசைத் திரவமும் ஒரு சிறிய காற்றடிக்கும் கருவியும். ஆணி குத்திய சிறு துளையை, அதாவது நான்கு மில்லிமீற்றர் அளவான துளையை, அதுவும் ரயரின் ஓடும் பரப்பில் இருந்தால், இத்திரவம் அடைக்கும். பள்ளத்தில் விழுந்து பக்கச் சுவர் வெடித்தால் அதனால் பயனில்லை. உயரம் குறைந்த பக்கச் சுவருடைய ஸ்போர்ட்ஸ் கார் ரயர்களுக்கு எமது தெருக்களில் நேர்வதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை விபத்து. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. ஜப்பானில் சில வருடம் ஓடிய பின்னர் இங்கே இறங்கும் காரில் அத்திகதி கடந்திருப்பது அதிசயமல்ல. இன்னொரு மாற்றாகச் சொல்லப்படும் 'ரன்-ஃப்ளற்' ரயர், காற்றின்றி மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில் பொதுவாக 80 கிலோமீற்றர் ஓடும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மீதித் தூரத்தை அந்தக் கம்பனிக்காரர் வந்து உருட்டித் தரப் போவதில்லை.

எனது தமக்கையாரின் மகன் வெள்ளவத்தையில் இருக்கிறான். கணக்காளன், புதிதாக மணமுடித்தவன். அவன் பாவித்த ரொயோட்டா 86 ஒன்றை வாங்கியபோது குடும்பத்தில் எழுந்த விமர்சனங்கள் இங்கு வேண்டாம். 2012 முதல் 2021 வரை உற்பத்தியான முதல் தலைமுறைக் கார் அது. பின்சில்லு இழுவை, நான்கு சில்லிலும் 215/45 ஆர் 17 ரயர். மனைவியையும் கூட்டிக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அதில் போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னேன். காலாவதியான போத்தல் ஒன்று மட்டும் கிடந்தது. விற்றவர் இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

இரவில் ஏ9 பாதையில், அடுத்த வீட்டு வெளிச்சம் எங்கே என்று தெரியாத இடத்தில், அந்தப் பிள்ளையுடன் இவன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுக்கலாந்தான். அவர்கள் வந்து சேரும் வரை காட்டோரத்தில் காத்திருப்பது யார்? ஸ்பெயார் சில்லு இல்லாமல் அந்தக் கார் கொழும்பைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். முழு அளவுச் சில்லை வைத்தால் பொதி வைக்க இடமிராது. எனவே ஒடுங்கிய தற்காலிகச் சில்லே வழி. பக்கவாட்டில் 'ரீ' என்ற ஆங்கில எழுத்துடன் அளவு பொறித்திருக்கும் இச்சில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காற்று வேண்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது.

பஞ்சிகாவத்தைக்குப் போனோம். அங்கே கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பொருந்தாத உதிரிப்பாகமும் அங்கேதான் கிடைக்கிறது.

"மாமா, ரொயோட்டாக் காருக்கு ரொயோட்டாச் சில்லு தானே போட வேணும்?" என்றான் மருமகன். கடைக்காரரும் அதே எண்ணத்தில் பிரீமியோ கார் ஒன்றின் ஸ்பெயார் சில்லைத் தூக்கி வைத்தார். ஐந்து துளை. துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். 86 இலும் அதே ஐந்து, அதே 100. ஆனால் பிரீமியோச் சில்லின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், 86 இன் அச்சுக் குடம் 56.1. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் சில்லு குடத்தில் இறங்காது. அலியனுக்கும் பழைய பிரியஸுக்கும் இதே கதைதான்.

அங்கிருந்த பாஸ் ஒருவர் இதனைப் பெரிய விடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரைண்டரால் நடுத்துளையைச் சற்றுத் தேய்த்துவிட்டால் ஏறிவிடும் என்றார். மருமகனின் முகமும் மலர்ந்தது. நான் மறுத்துவிட்டேன். கையால் தேய்த்த துளை வட்டமாக இராது. ஓரிடத்தில் தட்டினாலும் சில்லு குடத்தின் முகத்தோடு தட்டையாக ஒட்டாது. அப்போது நட்டு இறுகியது போலத் தோன்றும், ஓடத் தொடங்கியதும் தளரும். நல்ல கடைசல் இயந்திரத்தில் செய்தால் பிழையில்லை என வாதிடுவோர் உண்டு. அவர்கள் தங்களுடைய காரில் செய்துகொள்ளட்டும். "ஏறினால் போதும்" என்ற எமது நாட்டு வாகன வேதாந்தத்தை நான் வெகுகாலமாகக் கேட்டு வருகிறேன். பத்திரிகைக்கு வரும் விபத்துச் செய்திகளில் "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்" என்ற வரியை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் நான். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை தேய்த்த துளைகளும் தளர்ந்த நட்டுகளும் இருந்தன என்பதை எந்தப் பொலிஸ் அறிக்கையும் சொன்னதில்லை.

விடை ரொயோட்டாவில் இல்லை, சுபாருவில் இருந்தது. பெயர்ப் பலகைதான் ரொயோட்டா. கார் இரு கம்பனிகளின் கூட்டு முயற்சி, செய்யப்பட்டது குன்மா மாகாணத்தில் உள்ள சுபாருவின் தொழிற்சாலையில். சுபாருவின் பெயரில் இதே கார் பீஆர்இஸட் என்று விற்பனையானது. ஆகவே அச்சுக் குடம் சுபாருவினது. அக்காலத்து இம்பிரெஸா, ஃபொறஸ்ரர் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதே ஐந்து துளை, அதே 100, அதே 56.1. நட்டின் கதையும் இதுவே. தடிப்பு இரண்டிலும் 12 மில்லிமீற்றர்தான். மற்றைய ரொயோட்டாக் கார்களில் புரியின் இடைவெளி 1.5 மில்லிமீற்றர், இதிலோ 1.25. ரொயோட்டா நட்டு என்று கேட்டு வாங்கிப் பலத்தைப் பாவித்து முறுக்கினால் போல்ட்டின் புரியே அழிந்துவிடும்.

துளை சரியென்றால் அலுவல் முடிந்தது என்று எண்ண வேண்டாம். உயரம் இருக்கிறது. 215/45 ஆர் 17 ரயரின் விட்டம் ஏறத்தாழ 625 மில்லிமீற்றர். 215 இல் நூற்றுக்கு 45 ஐ எடுத்து, இரட்டித்து, 17 அங்குலத்தைக் கூட்டினால் வரும். கலைப்பட்டதாரியான எனக்கே இது முடிந்தது. 'ரீ 135/70 டீ 16' என்று எழுதிய ஸ்பெயார் சில்லின் விட்டம் இதே கணக்கில் 595. 'ரீ 135/80 டீ 16' என்றால் 622. முதலாவதில் 30 மில்லிமீற்றர் குறைவு, இரண்டாவதில் மூன்றே மில்லிமீற்றர். சாதாரண முன்சில்லு இழுவைக் காரில் சிறிய சில்லைப் பின்னால் போட்டுவிட்டு மெல்ல வீடு போய்ச் சேரலாம். இந்தக் காரில் இழுப்பது பின்சில்லு. அவற்றுக்கிடையே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இதன் பல மொடல்களில் உண்டு. ஒரு சில்லு சிறிதும் மற்றது பெரிதுமாக இருந்தால் நேர்த் தெருவிலும் அது வளைவில் திரும்புவது போல ஓய்வின்றி உழைக்கும், சூடேறும். ஆகவே பின்சில்லுக்குக் காற்றுப் போனால் முன்சில்லு ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்பெயார் சில்லை முன்னால் போட வேண்டும். இருமுறை ஜக் அடிக்கும் வேலை. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவு ரயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இதுவும் முடியாது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்போர் ஸ்பெயார் சில்லு தேட முன்னர் இருமுறை யோசிக்க வேண்டும்.

பிறேக்கும் உண்டு. வேகமான காருக்குப் பெரிய பிறேக். சிறிய றிம்மை ஏற்றினால் உட்புறம் பிறேக்கின் கலிப்பரில் உரசலாம். இதைக் கடையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டு முற்றத்தில் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பூட்டிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். முன்சில்லை இருபுறமும் முழுதாகத் திருப்பியும் பார்க்க வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பாவித்த கார்களின் விலை எங்கே போனது என்பதை எல்லோரும் அறிவர். அவ்வளவு பணத்தை வாங்குகின்ற விற்பனையாளர், டிக்கியில் இருப்பது சில்லா போத்தலா, போத்தல் என்றால் அதன் திகதி என்ன என்பதை விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது எனது கருத்து. வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். நல்லது. அந்தப் புகைப் பரிசோதனை நிலையத்திலேயே டிக்கியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். இது வாகனத்துக்கு இன்னொரு வரி போடும் யோசனையல்ல. வாங்குபவன் அறிந்து வாங்க வேண்டும் என்பதே கோரிக்கை.

எமது தேடலில் மூன்றாவது கடையில் சுபாருச் சில்லு ஒன்று அகப்பட்டது. 'ரீ 135/80 டீ 16', துளை சரி, உயரம் சரி. ரயரில் ஒரு தேய்வும் இல்லை. புதுச் சாமான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தேன். நான்கு இலக்கங்கள்: 2312. அதாவது 2012 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்த ரயர். ரயர் உற்பத்தியாளர் பலர் பத்து வருடத்தையே உச்ச எல்லையாகச் சொல்கிறார்கள், ஓடாமல் டிக்கியில் கிடந்த ரயருக்கும் அதுவே கணக்கு. விலையைக் குறைத்து றிம்முக்காக மட்டும் வாங்கினோம். முற்றத்தில் பூட்டிப் பார்த்ததில் எங்கும் உரசவில்லை. அந்த அளவில் புது ரயர் தேடுவதுதான் இப்போதைய வேலை. ஒடுங்கிய றிம்மில் சாதாரண ரயர் ஒன்றை ஏற்றித் தருவதாக ஒருவர் சொன்னார், மருமகனே வேண்டாம் என்றுவிட்டான். நல்லூருக்கு இம்முறை இருவரும் இரவு பஸ்ஸில் போய் வந்தார்கள்.