வேங்கடம் நிலத்தின் எல்லை. தமிழுக்கு எது எல்லை?

அணுக்கருவின் உள்ளமைப்பைத் தமிழில் விளக்கவியலாது என்போர் இன்றும் உளர். அவர்க்கு விடை சினமன்று, விளக்கிக் காட்டலே.

நேர்மின்னியும் நொதுமியும் (புரோட்டானும் நியூட்ரானும்) செறிந்ததே அணுக்கரு. எல்லா அணுக்கருக்களும் உருண்டையல்ல. முட்டைபோல் நீண்டனவும் பல. விரைந்து சுழலுங்கால் சில மேலும் நீளும். 1986ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தாரசுபரி ஆய்வகத்தில் பீட்டர் துவின் குழுவினர் கால்சியம் அணுக்கருக்களைப் பல்லேடியத்தின்மேல் மோதவிட்டு, 66 நேர்மின்னிகளும் 86 நொதுமிகளும் கொண்ட திசுப்புரோசியம்-152 அணுக்கருவை உண்டாக்கினர். அதன் நீளம் அகலத்தின் இருமடங்கு. நொடிக்கு அது சுழன்ற முறைகளை எழுத, 1இன் பின் 20 சுழியங்கள் இடல் வேண்டும்!

சுழற்சி தணியத் தணிய அது காமாக் கதிர்களை உமிழ்ந்தது. அக்கதிர்களின் ஆற்றல்களை வரிசைப்படுத்தியபோது, 19 கதிர்கள் ஏணிப்படிகள்போல் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நின்றன. நீண்ட உருக் குலையாமல் சுழன்றதற்கு அவ்வொழுங்கே சான்று. அது பிளவுறாமை ஏன்? நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்றாகும்போது, உள்ளிருக்கும் துகள்களின் ஆற்றல் நிலைகளுக்கிடையே அகன்ற இடைவெளி தோன்றி அவ்வுருவைத் தாங்குகின்றது.

இந்நிலையை 'மீயுருத்திரிபு' எனலாம். திரிதல், புணர்ச்சி இலக்கணம் பயின்ற சிறுவனும் அறிந்த சொல். எங்கே தடுமாறியது தமிழ்?

தமிழ்த்தாய் வாழ்த்துத் தந்த சுந்தரனாரின் பெயர் தாங்கி 1990இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினரே, சுழலும் அணுக்கருக்களின் வடிவ மாற்றத்தை ஆய்ந்து ஆங்கிலத்தில் கட்டுரைகள் வெளியிட்டனர். உலக அறிஞரோடு உரையாட ஆங்கிலத்தில் எழுதுதல் குற்றமன்று. ஆயின், அவ்வறிவு பக்கத்து ஊருக்கு வாராது நிற்றல் தகுமோ? சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடத்துப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புவரை அணுக்கரு இயற்பியலைத் தமிழிலேயே கற்கலாம். அதற்கப்பால், ஆராய்ச்சி வாயிலில் தமிழ் வெளியே நிறுத்தப்படுகின்றது. அங்கே பின்தங்குவது பிள்ளையின் அறிவன்று. தாய்மொழி பறிக்கப்பட்ட அவன் நாவே.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஒவ்வோர் அறிவியல் ஆய்வேட்டுடனும் பத்துப் பக்கத் தமிழ் விளக்கம் கட்டாயமாக இணைக்கப்படல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டா, மனம் வேண்டும். சொற்கள் அகரமுதலியில் உறங்கினால் வளரா. ஆய்வேட்டில் உழைத்தால் வளரும்.

தமிழ் நிலத்திற்கு வடவெல்லை வேங்கடம் என வரைந்தனர் முன்னோர். தமிழறிவிற்குப் பன்னிரண்டாம் வகுப்பை எல்லையாக வரைந்தவர் யார்? வரைந்த கோட்டை அழிப்பது நம் கடன்!