அடியாத மாடும் அரண்ட நாயும்

எங்கள் சொசைட்டியின் வருஷாந்தரக் கூட்டம் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, பார்க்கிங்கில் சூடேறி, கடைசியில் நாயில் வந்து நிற்கும். நாய்ப் பேச்சு வந்ததும் எங்கள் அண்ணாச்சி எழுந்திருப்பார். மும்பை ஆண்டாப் ஹில்லுக்கு வந்து நாற்பது வருஷம் ஆனவர், ஊர் நாங்குநேரிப் பக்கம், ஒரு நாயும் வளர்த்ததில்லை. "அடியாத மாடு படியாது" என்பார். கூட்டம் தலையாட்டும். மராத்திக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் இந்தியில் சொல்ல, அவர்களும் தலையாட்டுவார்கள். பதினோரு வருஷமாக இதைக் கேட்கிறேன். இந்த வருஷம் அதோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: "நாயிங்கறது ஓநாய்ச் சாதி. கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேணும். நீ தலைவனா இல்லேன்னா அது தலைவனாயிரும். நாலு போடு போட்டா யாரு எசமான்னு தெரிஞ்சுரும்."

அவர் பேசியது என் சிட்டுவைப் பற்றி. வடாலா ட்ரக் டெர்மினஸ் பக்கம் ஒரு கோடவுனுக்குப் பின்னால், லாரி டயருக்கு அடியில் ஒண்டிக் கிடந்த ஐந்து மாதக் குட்டியாக வந்தவள். ஆளைக் கண்டால் குரைப்பாள், குடையைக் கண்டால் குரைப்பாள், இன்னொரு நாயைக் கண்டால் கயிற்றின் முனையில் நின்று எகிறுவாள். கட்டடத்தில் இதற்குப் பெயர் திமிர். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பழமொழி மாட்டைப் பற்றியது என்பதால் மாட்டிலிருந்தே தொடங்கலாம். என் தாத்தா களக்காட்டுப் பக்கம் ஏர்மாடு வைத்திருந்தவர். புதுக் காளையை அவர் வசக்குவதைப் பார்த்திருக்கிறேன். பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்து, வெறும் நுகத்தடியை மட்டும் பூட்டி வரப்போரமாக நடத்துவார். சில நாள் கழித்து ஒரு சின்ன மரக்கட்டையை இழுக்க விடுவார். கலப்பை அதற்கும் அப்புறம்தான். சண்டித்தனம் பண்ணிப் படுத்துக்கொண்ட மாட்டைத் தார்க்குச்சியால் குத்தியதும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் லாரி ஹாரனுக்கு மிரண்ட மாட்டின்மேல் அவர் கை ஓங்கியதே இல்லை. வண்டியை விட்டு இறங்கி, மூக்கணாங்கயிற்றைத் தளரப் பிடித்து, திமிலைத் தடவிக்கொண்டே நிற்பார். மிரண்ட மாட்டை அடித்தால் அது வண்டியோடு குளத்தில் இறங்கிவிடும் என்பார். சண்டிமாடு வேறு, மிரண்ட மாடு வேறு. அண்ணாச்சியும் அதே மண்ணில் வளர்ந்தவர்தான். மாட்டில் தெரிந்த வித்தியாசம் நாயில் எப்படி மறந்துபோகிறது? அவர் ஊரில் இன்னொரு பழமொழியும் உண்டே: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் நாய்க்குப் பொருந்துவது அதுதான்.

ஓநாய்க் கதைக்கு வருவோம். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பிறந்தது இந்தத் தலைவன் கதை. ஒரே அடைப்புக்குள் போட்டுப் பூட்டினால் எந்த உயிரும் அடித்துக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு வந்து பார்த்தால் மனிதச் சாதியைப் பற்றியும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். அந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரும்பங்கு ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய்ப் புத்தகத்துக்கு. அதே மெக், பிறகு கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு கோடைக்குக் கோடை போய் இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் தன் பழைய கருத்து தவறு என்று எழுதினார். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைவன் என்று நாம் சொன்னது தகப்பனை. தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடமும் கேட்டார். சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்ட கதையை ஆண்டாப் ஹில்லில் நாம் இன்னும் கையில் தடியோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"ஆனா அடிச்சா அடங்குதே" என்பது அடுத்தது. இதில்தான் நான் நிற்கப் போகிறேன். ஏனென்றால் அது உண்மை. அடித்தால் அடங்கும். அந்த அடக்கத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

முதல் வருஷம் நானும் ஊர்ப்பேச்சைக் கேட்டவள்தான். ஒரு பயிற்சிக்காரரை வைத்தேன். வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் சி.ஜி.எஸ். காலனிப் பக்கத்து ரோட்டில் பயிற்சி. கழுத்தில் சோக் செயின். எதிரே ஒரு நாய் தெரிந்து சிட்டு உறுமத் தொடங்கியதும் சங்கிலியை வெடுக்கென்று இழுப்பார். தொண்டையில் "க்கெக்" என்று ஒரு சத்தம். மறுபடி நாய், மறுபடி இழுப்பு. இரண்டாவது வாரத்தில் உறுமல் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் நின்றே போனது. அண்ணாச்சி பால்கனியிலிருந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பணம் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

நாலாவது வாரம் மாடிப்படியில் பக்கத்து விங் பையன் ஒருவன், ஏழு வயசு, ஓடி வந்து அவள் தலைக்கு மேலே கையை நீட்டினான். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை. பல் மட்டும் பட்டது. மணிக்கட்டில் லேசான கீறல், ரத்தம் இல்லை. சிட்டுவுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தும், ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவனைச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை ஊசி. ஒவ்வொரு முறையும் அவன் அம்மா வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "ஒரு சத்தம்கூடப் போடலியே அக்கா, ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். சத்தம் போடாதே என்று மூன்று வாரம் சங்கிலியால் கற்றுக் கொடுத்தது நான்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும். மூக்கை நக்கிக்கொள்ளும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். உடம்பு விறைக்கும். அதற்கும் நாம் விலகவில்லை என்றால் உதட்டைத் தூக்கும், உறுமும், வெறுங்காற்றைக் கடிக்கும். இத்தனையும் "தள்ளிப் போ" என்று நம்மைக் கேட்டுக்கொள்வது. உறுமலுக்கு அடி விழுந்தால் உறுமல்தான் போகும், பயம் போகாது. பயம் கூடத்தான் செய்யும்; எதிரே நாய் தெரிகிறபோதெல்லாம் தன் கழுத்து நெரிபடுகிறது என்றால், எதிரே வரும் நாயைப் பற்றி அவள் என்ன நினைப்பாள்? கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வீடு அமைதியாகிவிட்டது என்று தூங்கப் போவதைப் போன்றது இது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைக் கோளாறு என்று நாயைக் கூட்டி வந்த 140 பேரிடம் என்னென்ன முறைகளைச் செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டு 2009-இல் வெளியிட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர் நாய் தங்கள்மேலேயே பாய வந்ததாகச் சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்தவர்களில் 31 சதவீதம். முறைத்துப் பார்த்தே அடக்கப் போனவர்களில் 30. தின்பதற்குக் கொடுத்துப் பழக்கியவர்களிடம் இது மிகமிகக் குறைவு. தலைவனாகப் போனவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

பாயாத நாய்களும் உண்டே என்பார்கள். உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கட்டிப்போட்டு, தப்பிக்க வழியில்லாமல் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டினாலே போதும், அதிர்ச்சி நின்றுவிடும் என்கிற பெட்டியில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. அப்படியே படுத்து முனகிக்கொண்டு வாங்கிக்கொண்டன. அந்தச் சோதனையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் படுக்கையைச் சாது என்று சொல்கிறவர்கள்தான் என் சிட்டுவின் மூன்றாவது வாரத்தையும் பார்த்து நல்ல முன்னேற்றம் என்றவர்கள். எந்த நாயை எடுத்துக்கொண்டாலும் என்னிடம் ஒரே கேள்விதான்: அது அமைதியாக இருக்கிறதா, அமைதியாக்கப்பட்டிருக்கிறதா?

"கூட்டத்துல கொண்டு போயி விடு, தன்னால தெளியும்" என்று ஒரு வைத்தியமும் உண்டு. கணபதி விசர்ஜன ஊர்வலத்துக்கு நடுவே, நாசிக் டோல் மேளம் அதிர, ஒரு நாயைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னவர் இருக்கிறார். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவதில் பிழைத்தவன் மட்டும்தான் வந்து கதை சொல்வான்.

"திங்கக் குடுக்கறது லஞ்சம்" என்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. 1924-இல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண், முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற மூன்று வயசுப் பிள்ளையின் பயத்தைத் தெளிவித்தார். பிள்ளை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருக்கும் முயலை அறையின் தூரத்து மூலையில் வைப்பது. சாப்பாடு தடைப்படாத தூரத்திலேயே நிறுத்துவது. நாளாக ஆக இன்னும் கொஞ்சம் பக்கத்தில். கடைசியில் பீட்டர் அந்த முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றைக்கு நல்ல பயிற்சிக்காரர்கள் நாய்க்குச் செய்வது இதேதான். பயந்த பிள்ளைக்குச் சோறூட்டியதை யாரும் லஞ்சம் என்பதில்லை.

சிட்டுவுக்கு முயல், சிலிண்டர். கேஸ் வண்டி வாசலில் நின்று, ஒரு சிலிண்டர் சிமெண்டுத் தரையில் "டங்"கென்று விழுந்தால் வயிறு தரையில் படப் பதுங்குவாள். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், வால் வயிற்றுக்கடியில் போய்விடும். மறு நிமிஷமே எழுந்து அந்த ஆளைப் பார்த்து வெறிகொண்ட மாதிரி குரைப்பாள். பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது நிமிஷம் மட்டும்தான் தெரியும். சோக் செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவிச்ச கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு எதிரே மரத்தடியில் போய் நின்றேன். "டங்" என்றால் ஒரு துண்டு. அடுத்த "டங்"குக்கு இன்னொன்று. ஈரலை வாயில் வாங்க மறுத்தால் நான் அதிகம் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அர்த்தம். பத்தடி பின்னால் போவோம். அவள் கற்றதைவிட நான் கற்றதுதான் அதிகம். ஐந்து மாதம் ஆனது. ஒருநாள் "டங்" என்ற சத்தத்துக்கு அவள் சிலிண்டரைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த சிலிண்டர்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எல்லா நாயும் முழுசாகத் தெளியும் என்று நான் சொல்லவில்லை. குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் உலகம் பழகுகிற காலம் என்று நாய் ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். சிட்டுவுக்கு அந்தக் காலம் லாரி டயருக்கடியில் கழிந்தது. அவள் கூட்டத்துக்குள் வாலாட்டிக்கொண்டு போகிற நாயாக மாற மாட்டாள். அதற்காக "தெருநாய் திருந்தாது" என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. கொல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களோடே வேலை செய்து 2017-இல் எழுதியதைப் பாருங்கள்: முன்பின் தெரியாத ஆள் திரும்பத் திரும்ப வந்து பழகும்போது, தின்னக் கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரைத்தான் அவை அதிகம் நம்பின. நம் தெருவில் கல் பட்டே வளர்ந்த சாதி, ஒரு கை தடவலுக்குக் காத்திருக்கிறது.

இது வெறும் சொசைட்டிச் சண்டையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், பிடித்த தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் கண்டதையும், கண்டதாகச் சந்தேகிக்கப்படுவதையும், ஆக்ரோஷமானதையும் விடக் கூடாது என்றது. எது ஆக்ரோஷம் என்று யார் பார்த்துச் சொல்வது? சிலிண்டர் சத்தத்துக்குக் குரைப்பதா? மழைக்காலத்தில் எல்லாக் கையிலும் குடை இருக்கும்போது குரைப்பதா? நாலு போடு வாங்கி, வாங்கி, கடைசியில் ஒருநாள் திருப்பிக் கொடுத்த நாயைக் கூண்டுக்கு அனுப்புவோம். அடித்தவர் அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசுவார். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை அடித்ததற்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். எங்கள் பக்கத்துக் கடையில் ஒரு தடவைக்கு வாங்கும் ஈரலுக்கு நான் கொடுப்பது அதைவிட அதிகம்.

போன வாரம் கரண்ட் போயிருந்த நேரம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணாச்சி குடையும் பையுமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். சிட்டு நின்றாள், மூக்கை நக்கினாள், உறுமினாள். வருஷக்கணக்காக இல்லாமல் போயிருந்த அந்த உறுமல், தொண்டையின் அடியிலிருந்து, தெளிவாக. நான் கயிற்றை இழுக்கவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு படி கீழ இறங்கிக்கோங்க, நாங்க ஓரமா வந்துருதோம்" என்றேன். அவர் என்னையும் அவளையும் பார்த்தார். இரண்டு படி இறங்கிக் குடையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார். சிட்டு உறுமலை நிறுத்தினாள். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கொடுத்தேன். சுவரோரமாக இறங்கி அவரைக் கடந்து போனோம்.