இரும்பின் குரலும் இசையே

இசை என்றால் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பதே எல்லாரும் சொல்லும் இலக்கணம். பொங்கல் விடுமுறை வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்க்கிறார். பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர் தம் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பாட்டா அது! இரும்புப் பாளத்தைச் சம்மட்டியால் அடிப்பது போல ஒரு தாளம். அதன்மேல் மரம் அறுக்கும் மில்லைப் போல ஒரு கிட்டார். அதற்கும் அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல ஒரு மனிதக் குரல். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான்கு பேர் காதைப் பொத்திக்கொண்டோம்.

ஐந்தாமவள் பொத்தவில்லை. அவள் மாஞ்சோலை மலையில் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். 2024ஆம் ஆண்டு அங்கே தேயிலை வேலை நின்றபோது குடும்பத்தோடு கீழே இறங்கி வந்தவள். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "இது எங்க பாக்டரி சத்தம்லா!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களை இதை எழுதத் தூண்டியது.

அந்தப் பாட்டைச் செய்தவர்கள் 'காட்ஃபிளெஷ்' என்னும் குழுவினர். (பெயரைக் கேட்டே அருட்சகோதரிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். பொறுத்தருள வேண்டும்.) இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1988இல் தோன்றிய குழு. ஜஸ்டின் பிராட்ரிக், ஜி. சி. கிரீன் என்று ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் கிட்டாரும் குரலும், மற்றவர் பேஸ் கிட்டார். மூன்றாம் ஆள் ஒரு டிரம் மெஷின்! 1989இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட்கிளீனர்' என்ற இசைத்தட்டுதான் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. இவ்வகை இசைக்கு 'இண்டஸ்ட்ரியல் மெட்டல்' என்று பெயர். தொழிற்சாலையின் ஓசையும் மெட்டல் என்னும் கனத்த கிட்டார் இசையும் கலந்தது என்று பொருள் கொள்ளலாம். இவர்களுக்கு முன்பே, 1980இல் மேற்கு பெர்லினில் தோன்றிய ஒரு குழு, பழைய இரும்பையும் துளைபோடும் மெஷினையும் மேடைக்கே கொண்டுவந்து வாசித்தது.

பர்மிங்காம் எப்படிப்பட்ட ஊர்? நாம் பாடத்தில் படித்த ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரங்கள் அந்த ஊரை அடுத்துத்தான் உருவாயின. மெட்டல் இசைக்கும் அதுவே பிறந்த ஊர். 'பிளாக் சப்பாத்' என்ற குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் அங்கே ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை செய்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் எந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவரோ இடது கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்! அவர் சோர்ந்து உட்காரவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு, விரல் வலிக்காதிருக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒலி கனக்கும். உலகமெங்கும் பின்பற்றப்படும் அந்தக் கனத்த ஒலிக்கு ஒரு பட்டறை விபத்தும் காரணம் என்று அறிந்தபோது எங்களுக்கு மேனி சிலிர்த்தது.

காட்ஃபிளெஷ் குழுவும் தந்தியை இன்னும் கீழே இறக்கியே வாசிக்கிறது. வேகம் இல்லை. யானை நடப்பது போல மெதுவாகச் செல்கிறது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, பல நிமிடம் வாசிக்கிறார்கள். மெஷினுக்குக் கை வலிக்காது; முதல் அடியும் நூறாவது அடியும் ஒன்றுபோலவே விழும். மனிதர் வாசித்தால் இப்படி வராது. தவில்காரர் உற்சாகம் வந்தால் ஓங்குவார், களைத்தால் தாழ்வார். நம் மணிமுத்தாறு பட்டாலியன் மைதானத்தில் அணிவகுப்புக் காலடியைக் கேட்டவர்களுக்கு நாங்கள் சொல்வது ஓரளவு விளங்கும். 1996இல் ஒரு தொகுப்புக்கு மனிதரை டிரம் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். 2002இல் பிரிந்து 2010இல் மறுபடியும் சேர்ந்தபோது மெஷினுக்கே திரும்பிவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய எந்திரத்தின் நடுவே அந்தக் குரல் மட்டும்தான் மனிதருடையது. அது மெஷினை வெல்லவும் இல்லை, அடங்கவும் இல்லை. முதல்முறை கேட்கும்போது கத்தல் என்று நினைத்தோம். நான்காம் முறை கேட்டபோது, இரவு வேலை முடியும் தறுவாயில் அடுத்த மெஷினில் நிற்பவரைக் கூப்பிடும் குரலாகத் தோன்றிற்று. எங்கள் அபிப்பிராயத்தில் இந்தக் குழுவின் உயிர் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

எங்கள் தோழி மலையிலிருந்து வந்த புதிதில் இரவில் தூங்கவில்லையாம். சத்தத்தினால் அல்ல, சத்தம் இல்லாததினால்! இலை மிகுதியாக வரும் காலத்தில் இரவெல்லாம் பாக்டரி ஓடும். விசிறியும் உருளையும் சல்லடையும் அவளுக்குத் தாலாட்டாக இருந்திருக்கின்றன. விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கு கேட்டு உலை வைத்த பாட்டிகளைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். இந்த ஓசைகளை இரைச்சல் என்று ஒதுக்கினால், அவற்றின் நடுவே வாழ்ந்தவர்களின் வாழ்வையும் சேர்த்தல்லவா ஒதுக்குகிறோம்?

"எந்திரத்தைப் புகழ்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. தறி ஓடும் ஆலையில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்கு இப்போது உரக்கச் சொன்னால்தான் காது கேட்கும். ஆகவே இந்தப் பாட்டையும் ஒலியைக் குறைத்தே கேட்க வேண்டும் என்று அண்ணனிடமே சொல்லிவிட்டோம். பாட்டுகளின் சொற்களும் அட்டைப் படங்களும் பல இடங்களில் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவற்றுக்காக நாங்கள் வாதாட வரவில்லை. ஒலிக்காகத்தான் வந்தோம்.

நம் முன்னோர் மட்டும் என்ன செய்தார்கள்? வேட்டைக்குரிய வில்லில் மணிகளைக் கட்டி, தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வைத்துத் தட்டி வில்லுப்பாட்டு ஆக்கினார்கள். ஆயுதமும் அடுக்களைச் சாமானும் சேர்ந்தது இசையாயிற்று. நம் கோயிலிலும் பெரிய வியாழன் இரவு முதல் மணி ஒலிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டுகிறோம். அந்த வறண்ட ஓசை இனிமையானதா? இல்லவே இல்லை. ஆனால் அந்த நாளுக்கு வேறு எந்த ஓசை பொருந்தும்?

ஒரு விழாவுக்காக நாங்கள் தகர டப்பா, இரும்பு வாளி, அம்மிக் குழவி, உலக்கை இவற்றைக் கொண்டு ஏழு நிமிட நிகழ்ச்சி ஒன்று தயாரித்தோம். மலை பாக்டரி காலையில் தொடங்கி, இலை அரைத்து, கடைசியில் ஒவ்வொரு மெஷினாக நிற்பதுபோல அமைத்தோம். வாளிக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தவள் அந்தத் தோழிதான். ஒத்திகை பார்த்த பெரியவர்கள், "இரைச்சலாக இருக்கிறது, வேறு பாட்டு படியுங்கள்" என்றார்கள். படித்தோம். கைதட்டலும் கிடைத்தது. ஆனாலும் கடைசி ஒரு நிமிடத்தையாவது, வாளி ஓய்ந்து உலக்கை மட்டும் தனியாக இடிக்கும் அந்த இடத்தையாவது, அவர்கள் கேட்டிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஒத்திகையை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

உலக்கையை அதன் சொந்தக்காரப் பாட்டி திருப்பி வாங்கிக்கொண்டார். வாளியும் டப்பாக்களும் வகுப்பறை அலமாரிக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன.