கைவினையும் பெயருரிமையும்

உலகில் மக்கள் பயின்றுவரும் கைத்தொழில்களுள் அரசரும் செல்வரும் பேணி வளர்த்தன சில. வறுமையே செவிலித்தாயாக நின்று வளர்த்தன பல. பின்னைய வகையைச் சார்ந்தது கொக்கி விரிப்புத் தொழில். வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலே, பனியும் கடலும் சூழ்ந்த மீனவர் ஊர்களிலே, பெண்கள் குழுவாகக் கூடி இதனைச் செய்து வந்தனர்; இன்றும் செய்து வருகின்றனர். இதனைப்பற்றி ஈண்டு எழுதப் புகுந்ததற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. கையால் ஆக்கப்பெற்ற ஒரு பொருளுக்கு உரியவர் யார்? துணி கொடுத்தவரா, படம் வரைந்து கொடுத்தவரா, விற்றுக் கொடுத்தவரா, கண் நோகக் குனிந்து இழையிழையாக இழுத்தவரா? இவ்வினா இத்தொழிலின் வரலாற்றில் தெளிவாக எழுந்தது. அதற்கு அப்பெண்களே தந்த விடை, கல்வி பெற்றுப் பிறர்க்கு உதவ விரும்பும் நமக்கும் பெரிதும் பயன்படும் என்பது எம் கருத்து.

முதற்கண் தொழிலின் இயல்பைச் சிறிது கூறுவாம். ஒரு மரச்சட்டத்தில் கோணித்துணியை இறுக்கி விரித்துக் கட்டுவர். பழந்துணியை ஒடுங்கிய கீற்றுக்களாகக் கிழித்து, ஒரு கீற்றை இடக்கையால் துணிக்கு அடியிற் பிடித்துக்கொள்வர். வலக்கையில் உள்ள கொக்கியை மேலிருந்து துணியின் கண்ணிலே குத்தி, அடியில் உள்ள கீற்றை ஒரு சிறு வளையமாக மேலே இழுப்பர். அடுத்த கண், அடுத்த வளையம். இவ்வாறே வரிசை வரிசையாக நிரம்பும். இதில் முடிச்சு ஒன்றும் இல்லை. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதே அவற்றிற்குக் காவல். தனித்து நிற்கும் வளையம் எளிதில் உருவிப் போம். கூடி நிற்பன ஒரு தலைமுறையின் காலடிகளையும் தாங்கும். இதனைச் செய்வோர் குழுவாகக் கூடுவதும் இவ்வியல்புக்கு ஒத்ததே போலும்!

இத்தொழிலுக்கும் நம் நாட்டிற்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. கொக்கி எளிதில் நுழையத்தக்க கண்ணகன்ற துணி, மலிவாகக் கிடைத்தாலன்றி இத்தொழில் ஏழை வீடுகளிற் பரவியிராது. அத்துணியைத் தந்தது வங்காளத்துச் சணல். கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ நகரத்து ஆலைகளும், 1855இல் கல்கத்தாவுக்கு அருகில் ரிஷ்ராவில் தொடங்கிய ஆலையும், அவற்றைப் பின்பற்றி எழுந்த பிறவும் சணலைக் கோணியாக நெய்து உலகெங்கும் அனுப்பின. தானியமும் தீனியும் வந்த சாக்குகளைப் பிரித்து, அலசி, சட்டத்திற் கட்டினர் அக்கரையோரப் பெண்கள். வங்காளத்து உழவன் நீரில் நின்று உரித்த நார், பனிநாட்டு மீனவர் மனையில் விரிப்பாயிற்று. இவனும் அவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர் பெயரையும் வாங்கியவர் அறியார்.

பெயர் நிலைத்தவர் ஒருவரைக் கூறுவாம். மெயின் மாநிலத்துப் பிடிஃபோர்டு ஊரினரான எட்வர்டு சாண்ட்ஸ் பிராஸ்ட் என்னும் தகர வணிகர், 1868ஆம் ஆண்டையொட்டி, பூவும் சிங்கமும் பிறவுமாகிய உருவங்களை உலோகத் தகடுகளில் வெட்டி, அவற்றைக்கொண்டு கோணித்துணியிற் படம் பதித்து விற்றார். வரையத் தெரியாத பெண்களும் அப்படங்களை நிரப்பி விரிப்புச் செய்தனர். அது நன்மையே. ஆயினும் அவர் பெயர் இன்றும் அத்தொழில் வரலாற்றில் விளங்க, அவர் தந்த கோடுகளை வண்ணத்தால் உயிர்ப்பித்த பெண்கள் எத்துணையரோ பெயரின்றி மறைந்தனர். படம் ஒருவரது, உழைப்புப் பலரது, புகழோ முன்னவர்க்கே உரியதாயிற்று.

இனி, நம்மைப் போன்ற கல்லூரியினர் சிறப்பாகக் கருதத்தக்க செய்திக்கு வருவாம். ஆழ்கடல் மீனவர்க்கு ஊழியம் செய்யும் சங்கத்தாரால் அனுப்பப்பெற்று, 1892இல் லாபரடார்க் கரையை அடைந்தார் வில்பிரெட் கிரென்பெல் என்னும் ஆங்கில மருத்துவர். ஆங்குள்ள மீனவர் கையிற் பணம் கண்டறியார். வலையும் மாவும் வணிகரிடம் கடனாகப் பெற்று, பிடித்த மீனை அவரிடமே ஒப்புவித்து, ஆண்டு முடிவிலும் கடனாளியாகவே நின்றனர். மருந்து மட்டும் இந்நோயைத் தீர்க்காது என்று கண்ட மருத்துவர், கைத்தொழிற் பகுதி ஒன்றை அமைக்க விரும்பினார். அதற்கென 1906இல் நியூபவுண்ட்லாந்தின் வடகோடியில் உள்ள செயின்ட் அந்தோனிக்கு வந்தவர் ஜெஸ்ஸி லூதர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் நெசவு கற்பிக்க வந்தார். வந்த இடத்தில் பெண்கள் முன்னரே விரிப்பு இழைக்க வல்லராயிருத்தலைக் கண்டார். மிஷன் அத்தொழிலைப் பிறர்க்கு விற்கத்தக்க தொழிலாக ஆக்கியது.

பின்னர், படம் பதித்த கோணித்துணியும் சாயம் தோய்த்த துணியும் செயின்ட் அந்தோனியிலிருந்து கரையோர ஊர்களுக்குச் சென்றன. இழைத்து முடிந்த விரிப்புக்கள் மீண்டு வந்தன. பனிக்கரடி, நாய்கள் இழுக்கும் வண்டி, பறக்கும் வாத்துக் கூட்டம், பாய்மரக் கப்பல் ஆகிய அந்நாட்டுக் காட்சிகளே படங்களாயின. 1920களின் பிற்பகுதி தொடங்கி, அமெரிக்க நகரங்களிற் பெண்கள் உடுத்திக் கழித்த பட்டுக் காலுறைகளை மிஷன் நன்கொடையாக வேண்டிப் பெற்று, அவற்றைக் கீற்றாக்கிச் சாயமிட்டு அனுப்பியது. மெல்லிய அப்பட்டிழையால், கோணியின் ஒரு கண்ணும் விடாமல் நேர்வரிசையாக இழைத்த விரிப்புக்கள் ஓவியம் போல் விளங்கின. அவை இன்று அரும்பொருளாகத் தேடி வாங்கப்படுகின்றன.

இம்முயற்சியால் விளைந்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றி மறத்தலாகும். கடல் உறைந்து மீன்பிடி ஓய்ந்த மாதங்களிலே, குழந்தைகட்குக் கம்பளி ஆடையும் அடுப்பிற்கு உணவும் அவ்விரிப்புக்களால் வந்தன. வணிகர் கணக்கேட்டில் கணவன் பெயரில் மட்டும் எழுதப்பெற்ற குடும்பத்தில், மனைவியின் கையும் பொருளீட்ட வல்லது என்பது விளங்கிற்று. சந்தை எங்கோ இருக்க, அதனை எட்டும் வழியறியாத பெண்களுக்கு மிஷன் பாலமாக நின்றது. இவை யாவும் மெய்.

ஆயினும் மற்றொரு மெய்யும் உண்டு. படத்தைத் தெரிந்தவர் மிஷனார். வண்ணத்தை வகுத்தவர் மிஷனார். தரம் ஆய்ந்து கூலி அளந்தவரும் மிஷனாரே. விரிப்பின் பின்புறத்திலே தைத்த சீட்டில் கிரென்பெல் தொழிற்பகுதியின் பெயர் இருந்தது. இழைத்த பெண்ணின் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை. எனவே, இன்று அவ்விரிப்பைப் பொற்சட்டமிட்டு மாட்டுவோர், இது கிரென்பெல் விரிப்பு என்பர். இன்னாள் இழைத்த விரிப்பு என்று கூற அறியார். இதனைச் சிறு குறை என்று தள்ளலாமோ? தமிழ் பயில்வார் அவ்வாறு தள்ளமாட்டார். குறுந்தொகையைத் தொகுத்தார், பாடியவர் பெயர் தெரியாத இடத்தும் பாட்டைப் பெயரின்றி விட மனம் ஒப்பாராய், அவர்தம் பாட்டில் உள்ள அருஞ்சொற்றொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். ஆக்கியோன் இன்றி ஆக்கம் இல்லை என்னும் அறிவே அது. அம்மரியாதை ஒரு விரிப்பை ஆக்கியவளுக்கும் உரியதன்றோ?

‘பெயர் பசியைத் தீர்க்குமா? அவர்க்கு வேண்டியது கூலியே’ என்று சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் உள்ள ஷெட்டிகாம்ப் ஊரார் விடை தந்தனர். அவர் பிரெஞ்சு மொழி பேசும் அக்கேடிய மீனவர். 1927இல் லில்லியன் பர்க் என்னும் அமெரிக்க ஓவியப் பெண்மணி அவ்வூர்ப் பெண்களை ஊக்கி, மெல்லிய வண்ணங்களையும் ஐரோப்பியப் பழங்கம்பளங்களின் அமைப்பையும் புகுத்தி, அவர்கள் இழைத்தவற்றை நியூயார்க் செல்வர்க்கு விற்றுவந்தார். அறை முழுதும் பரவும் பெருங்கம்பளங்களைப் பெண்கள் கூடியிருந்து இழைத்தனர். ஊரில் வருவாய் பெருகியது. ஆனால் தம் கைக்கு வரும் கூலியையும் நகரத்து விலையையும் ஒப்புநோக்கிய மனக்குறை வளர, 1936இல் பெண்களுள் ஒரு சாரார் அவரிடமிருந்து பிரிந்து, தாமே நேரே விற்கத் தொடங்கினர். பெயரும் விலையும் வேறுவேறல்ல என்பது இங்குப் புலனாகின்றது. செய்தவரை அறியாத வாங்குவோன், நடுவில் நிற்பவரிடமே விலை பேசுவான். செய்தவரை அறிந்த வாங்குவோன், அவர் வாயிலிலேயே வந்து கேட்பான். பெயரை இழந்தவர் விலை சொல்லும் உரிமையையும் இழந்தவரே ஆவர்.

பிரிந்தமையால் தொழில் அழிந்ததோ எனின், இல்லை. அவ்வூரை அடுத்துப் பிறந்த எலிசபெத் லெபோர்ட் (1914–2005) என்னும் பெண்மணி, கம்பளி இழையால் மனிதர் முகங்களையே இழைக்க வல்லராய், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் முதலியோர் உருவங்களை விரிப்பில் எழுதினார். 1987இல் கனடா நாட்டின் உயர்ந்த விருது வரிசையில் இடம் பெற்றார். அவர் படைப்புக்கள் ஷெட்டிகாம்ப் ஊரின் காட்சிச்சாலையில் அவர் பெயராலேயே வைக்கப்பெற்றுள்ளன. மீனவர் குடியிற் பிறந்த பெண், தன் பெயரோடு கலைஞராக நிற்க இயன்றது. அவரைப் போன்ற ஆற்றலுடையார் முன்னைய தலைமுறையில் எத்துணைப் பேர் சீட்டில்லாமல் மறைந்தனரோ!

இன்று கொக்கி விரிப்பு பெரும்பாலார்க்கு வயிற்றுப் பிழைப்பன்று. நியூபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் குழுவினர் கோயில் மண்டபங்களிலும் ஊர் மன்றங்களிலும் கூடுகின்றனர். முதியவர் இளையவர்க்குக் கொக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பர். மிஞ்சிய கம்பளித் துண்டுகளைத் தம்முள் பகிர்ந்துகொள்வர். தத்தம் வீட்டையும் துறையையும் தாமே வரைந்து இழைப்பர். முடித்த விரிப்பின் மூலையிலே தம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் பொறிப்பார் பலர். ‘இது வீண் பொழுதுபோக்கு’ என்று நகுவாரும் உளர். எமக்கோ, அம்மூலையில் உள்ள இரண்டெழுத்து, ஒரு நூற்றாண்டுக் குறையை நிறைவு செய்வதாகத் தோன்றுகின்றது.

வேதாகமத்தை ஓதுவார்க்கு இச்செய்தி புதிதன்று. ஆசரிப்புக் கூடாரத்தைச் சமைத்த பெசலெயேலின் பெயரையும், சித்திரத் தையல் வல்ல அகோலியாபின் பெயரையும் யாத்திராகமம் குறித்து வைத்திருக்கின்றது. அக்கூடாரத்திற்கு நூல் நூற்ற பெண்களின் ஞானத்தைப் புகழும் அந்நூல், அவர் பெயர்களைக் கூறவில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளிலே, விதவைகள் அழுதுகொண்டு காட்டிய அங்கிகளைத் தைத்தவள் தொற்காள் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கின்றது. கைவினைப் பெண்ணின் பெயரைக் காத்தல் திருச்சபைக்குத் தொன்று தொட்ட கடமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, உதவி செய்வோர் உதவியை நிறுத்தவேண்டும் என்பது எம் கொள்கையன்று. கருவியும் முதலும் சந்தையும் கொடுத்தல் அறமே. ஆனால் படம் வரையும் உரிமையும், விலை சொல்லும் உரிமையும், பெயர் பொறிக்கும் உரிமையும் செய்தவர் கையில் சேரும் நாள்வரையில் அவ்வறம் பாதியே. குழந்தைக்கு நடை பயிற்றும் தாய், ஒருநாள் கையை விடுகின்றாள். விடாத கை அன்புடையதாயினும் நடையைக் கெடுக்கும். நம் கல்லூரி நண்பர்கள் பலர் நாளை ஆசிரியராகவும் ஊழியராகவும் சங்கங்களை நடத்துவோராகவும் ஊர்களுக்குச் செல்வர். ஆண்டுதோறும் கைப்பொருட் சந்தைகளில் பாயும் கூடையும் பின்னல் துணியும் வாங்குகின்றோம். அப்பொழுது விலையைக் கேட்கும் வாயால், ‘இதனைச் செய்தவர் யார்?’ என்றும் கேட்போமாக. விடை தெரியாத விற்பனையாளர் இரண்டாம் முறை கேட்குமுன் தெரிந்துகொள்வார். மூன்றாம் முறை அப்பெயர் பொருளிலேயே எழுதப்பட்டிருக்கும்.