எரிகோ செல்லும் சாலையில் நாம்

விசுவாசம் வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வெளிப்பாடு எங்கே என்று ஒருவர் கேட்டால், புதிய கொடிமரத்தையும், விளக்குகள் மின்னும் தேரையும், நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல்லையும் காட்டுகிறோம். பசித்தவரும் நோயுற்றவரும் எங்கே என்று கேட்டால், கன்னியர் மடத்தின் பக்கம் கை நீட்டுகிறோம். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் தீட்டும் இறுதித் தீர்ப்பிலோ, கொடிமரத்தின் உயரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையை நாம் அறியாதவர்கள் அல்லர். அவர் செய்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். கண்டார், இரங்கினார், அருகில் சென்றார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோய் அங்கும் கவனித்துக்கொண்டார். மறுநாள்தான் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார். பணம் கடைசியில் வந்தது. நாமோ கடைசியில் வந்ததை மட்டும் கைக்கொண்டு, அதையும் உண்டியலில் இட்டுவிட்டு, கடமை முடிந்ததென்று வீடு திரும்புகிறோம்.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். சாரல் காலத்தில் அவ்வழியே அருவியை நாடிச் செல்வோர் எண்ணற்றவர். அவர்கள் கண்ணில் இப்பகுதியின் வீடுகளுக்குள் நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் பெண் படுவதில்லை. கட்டிலை விட்டு எழ இயலாத பிள்ளை படுவதில்லை. வழிப்போக்கரைக் குறை கூறுவானேன்? அடுத்த தெருவில் வாழும் நம் கண்ணிலும் படுவதில்லையே!

அதே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் பொறியியல் மாணவராயிருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பிறர் தூக்கிவிட்டாலன்றி எழ முடியாத அவர், 1981-இல், தமக்குச் சிகிச்சை அளித்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். இன்று அதன் பணியாளர் ஊர் ஊராகச் சென்று, வளர்ச்சி குன்றிய குழந்தைகளை இளமையிலேயே கண்டறிந்து, பயிற்சி அளிக்கும் முறையைத் தாய்மார்க்கும் கற்றுத் தருகின்றனர். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்கள் நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லாதவர்கள். உவமையின் சமாரியரும் எருசலேம் ஆலயத்தின் மக்களுள் ஒருவர் அல்லர். ஒதுங்கிப் போன குருவும் லேவியருமே ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். இந்த ஒப்புமை நம்மைச் சுடவில்லையெனில், உவமை நமக்கு வெறும் கதையாகிவிட்டது என்பதே பொருள்.

“செபம்தானே முதன்மை?” என்பார் உளர். கொல்கத்தா அன்னை தெரேசாவின் சகோதரிகள் நாள்தோறும் நற்கருணைமுன் ஒரு மணி நேரம் அமர்கிறார்கள். அங்கிருந்து எழுந்து தொழுநோயாளரிடம் செல்கிறார்கள். செபத்தைக் காட்டிச் சேவையைத் தட்டிக் கழிக்கும் துணிவு அவர்களுக்கு வரவில்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

“அதற்குத்தான் நிறுவனங்கள் உள்ளனவே” என்பார் மற்றும் சிலர். பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி அவர்களுடைய திருமுழுக்கிலும் உறுதிப்பூசுதலிலும் வேரூன்றியது என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. அது சாமியார் தரும் சலுகை அன்று. எவர்க்கும் குத்தகைக்கு விடத்தக்கதும் அன்று. மேலும், 2020-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின், வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர இயலாது. கடல் கடந்த பணத்தை நம்பி நம் கைகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம் முடிகிறது.

நம்மிடம் கருவி இல்லையா? அன்பியம் இருக்கிறது. செபமாலைக்கும் சிற்றுண்டிக்கும் பின் கலைந்துவிடும் அந்தக் கூட்டம், தன் தெருவில் படுக்கையில் கிடப்போர் யார், தனித்து வாழும் முதியோர் யார் என ஒரு பதிவேடு எழுதட்டும். சாதியும் சமயமும் பாராமல் எழுதட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன்படி அடையாள அட்டை பெற்றுத்தர ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகம் வரை உடன் போகட்டும். 1833-இல் பாரீசில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் உயிர்நாடி ஏழையின் வீட்டு வாசலை மிதிப்பதே. அச்சபையின் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் பங்குகள் அதை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று கேட்பதோடு அமையாமல், இவ்வாண்டு நம்முள் எத்தனை பேர் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தோம் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத பங்கில் தேர் அசையலாம், விசுவாசம் அசையவில்லை.