உலோகத்துக்கும் பக்குவம் வேண்டும்

கடலே இல்லாத பாலக்காட்டில் இருந்துகொண்டு கடல் அரிப்பைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ரயில்வேயில் இரும்போடு காலம் கழித்தவனுக்கு உப்புதான் பரம வைரி. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தைத் துரு சுரண்டி வர்ணம் பூசியே ரயில்வே காப்பாற்றி வந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது.

உப்பை வெல்லும் உலோகம் என்று பெயர் பெற்றது டைட்டானியம். அதன் தாது மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலிலேயே இருக்கிறது. சவராவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் தயாரிக்கும் ஆலையும் 2011-ல் தொடங்கப்பட்டது. காற்றோ நீரோ பட்டவுடன் இதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். இரும்பின் துருவோ உதிர்ந்து, அடியில் உள்ளதையும் தின்னக் கொடுக்கிறது.

இப்போது டைட்டானியப் பொடியை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி, பாகங்களை அச்சடித்தே எடுக்கிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உருகிய உலோகம் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைவதால், உள்ளே ஊசி ஊசியான அமைப்பும் இறுக்கமும் தங்கிவிடுகின்றன. பழுக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் முக்கியது போலத்தான். கொல்லர் அதை அப்படியே கொடுப்பதில்லை. திரும்ப இளஞ்சூடு காட்டிப் பதம் பார்ப்பார். அச்சடித்த பாகத்துக்கும் அந்தப் பதம் வேண்டும்.

எந்தச் சூடும் பதமாகிவிடாது. அளவான சூடு இறுக்கத்தைத் தளர்த்தும். சூடு மிஞ்சினால் மணிகள் பருத்துவிடும். அப்போது அரிப்பைத் தாங்கும் திறன் குறைந்ததாகக் கண்ட சோதனைகளும் உண்டு. உலையில் காற்று புகுந்தால் உலோகம் ஆக்ஸிஜனை உறிஞ்சி, மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே 'வெப்பப் பதப்படுத்தியது' என்று சான்றிதழில் ஒரு வரி எழுதினால் போதாது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எப்படி ஆறவிட்டார்கள், வெற்றிடத்திலா ஆர்கான் வாயுவிலா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, சோதனை. ஆய்வகத்துக் குவளையில் 3.5 சதவீத உப்புநீரில் சில நாள் ஊறவைத்தால் கடலை அறிந்ததாகாது. கடலில் பாசி, சிப்பி, இடுக்குகள் எல்லாம் உண்டு. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் நிலையம் போன்ற இடங்களில் மாதிரிகளைப் பல மழைக்காலங்கள் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். பக்கத்து உலோகத்தையும் கவனிக்கவேண்டும். கடலோரப் பாலம் ஒன்றில் துருப்பிடிக்காத போல்ட்டுகளைப் போட்டோம். போல்ட் பளபளவென்றே இருந்தது. சுற்றியிருந்த இரும்புத் தகடுதான் கரைந்தது. டைட்டானியமும் இரும்பைத் தொட்டால் இதே கதைதான்.

சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'மத்ஸ்யா 6000' மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கத் திட்டமிட்டது. அதன் 80 மி.மீ. தடிமன் டைட்டானியக் கோளம் அச்சடித்ததல்ல, பற்றவைத்தது. அதற்கே எத்தனை பரிசோதனை! நாளை அச்சடித்த பாகங்களும் இப்படிப்பட்ட கலங்களில் ஏறும்போது, அவற்றை நம்பி உள்ளே அமர்வது மனிதர்கள்.

பாலக்காட்டில் 2015 முதல் ஐ.ஐ.டி. இயங்குகிறது. சித்தூரிலும் மூணாறிலும் பீர்மேட்டிலும் உள்ள நம் பிள்ளைகள் பலர் பொறியியல் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒன்றே கதி என்றிராமல், உலோகவியல் பக்கமும் சிலர் திரும்பவேண்டும். மணல் நம்முடையது, பக்குவமும் நம் கையில் இருக்கட்டும்.