ஆண்பனைக்கும் அரண் வேண்டும்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் நாட்டுச் சட்டங்களுள் சிறியதொன்று. ஆயினும் கிராமத்தவரின் முற்றம்வரை வந்து நிற்பது. தன் காணியிற் பாட்டன் வைத்த மரமேயாயினும் ஒருவன் தன் விருப்பின்படி தறித்தல் ஆகாது என்றது அது. அவ்வாறு காவல் பெற்றவை பலா, ஈரப்பலா, பெண்பனை என்பன. மூன்றும் பஞ்ச காலத்தில் வயிறு காத்த மரங்கள் என்பதை நினைப்போர்க்குச் சட்டத்தின் நோக்கம் எளிதில் விளங்கும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் மரம் பேசப்படுகின்றது. ஆனால், பிறன் நிலத்தில் வைத்த மரத்தின் பயன் யாருக்கு எவ்வளவு என்பதே அங்கெழுந்த வினா. மரம் நிற்பதா வீழ்வதா என்பதில் உடையவனுக்கு அப்பால் ஊருக்கும் ஒரு சொல் உண்டென்ற எண்ணம் 1951இன் சட்டத்திலேயே தெளிவு பெற்றது. அதனை நாம் மனமுவந்து போற்றுகின்றோம்.

‘பெண்பனை’ என்னும் அவ்வொரு சொல்லிலேதான் நமக்குக் குறை. பாளை ஈனும்வரை பனை ஆணோ பெண்ணோ என அறிதற்கில்லை. அதற்கு 12, 15 ஆண்டுகள், சிலவேளை அதனினும் மிகுதியாகச் செல்லும். அதுகாறும் வடலியாய் நிற்பது எப்பாலது? வீடு கட்டக் காணி துப்புரவாக்குவோர் முதலில் அழிப்பது அவ்வடலிகளையே. ஆண்பனையோ, காய்ப்பதில்லை ஆதலின் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. பூந்தாது தருவது எது? ஆண்பனை அற்றுப்போன தோப்பில் முளைக்கும் விதைக்குப் பெண்பனை எங்கே போகும்? ஆண்பாளையிலும் கருப்பநீர் இறங்குமென்பதைச் சீவற்றொழில் செய்வோர் நன்கறிவர். சட்டம் வரைந்தோர் அவர்களைக் கேட்டிலர் போலும்! அன்றியும், ஓலையும் குலையும் நீக்கி லொறியில் ஏற்றிய குற்றியைக் கண்டு பால் பகுத்துரைத்தல் முதிர்ந்த தச்சனுக்கன்றிப் பிறர்க்கு அரிது. ஆண்பனை என்று சொல்லிவிட்டாற் போதும், வண்டி நகர்ந்துவிடும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடபுலத்துப் பனைகள் எறிகணைக்கு இரையாயின. குற்றிகளாய்க் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் சென்றன. அந்நாளில் அனுமதி கேட்டவர் யார், கொடுத்தவர் யார்? இழந்ததை ஈடுசெய்ய இன்று ஊன்றும் கொட்டை வைரமேறிய மரமாதற்கு ஒரு தலைமுறை போதாது. ஆகவே எஞ்சி நிற்கும் வடலிகளே நம் கைம்முதல்.

எனினும், காவலை விரித்து எழுதினால் மட்டும் காரியம் முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு வளையும் சிலாகையும் வேண்டி ஏழையொருவன் தன் முதிர்ந்த மரத்தைத் தறிக்க விரும்புவது குற்றமன்று. கிராம அலுவலரிடத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அவனைப் பலநாள் அலையவிட்டால் அவன் இரவில் வாளெடுப்பான். முதிர்ந்த மரத்துக்கு விரைந்து அனுமதி வழங்குக. அதற்கு ஈடாக, அக்காணியிலேயே இத்தனை வடலிகளை விட்டுவைத்தல் வேண்டுமெனக் கடப்பாடு விதிக்குக. ஆண், பெண், வடலி மூன்றுக்கும் ஒரே விதி செய்க.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழம் விழும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் பெண்பனையை இனங்காணல் சிறுவர்க்கும் எளிது. மாணவர் தத்தம் குறிச்சியில் நிற்கும் பனைகளையும் வடலிகளையும் எண்ணிக் காணிவாரியாக ஏட்டில் எழுதிவைப்பாராயின், அடுத்த விண்ணப்பம் வரும்போது அலுவலர் கையில் ஒரு சான்றேனும் இருக்கும்.